கொடுக்கும் நிரலோடு சேர்த்துக் கொடுக்க வேண்டியவை: வாசகர் கேள்வி-பதில்

இம்முறை வந்த கேள்விகள் அனைத்தும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்தவை. நிரல் எழுதுவதில் தடை என்று எவரும் கேட்கவில்லை. எழுதி முடித்ததை அடுத்தவர் கையில் கொடுக்கும் நேரத்தில் எழும் உரிமம், பொதியாக்கம், வெளியீடு பற்றிய ஐயங்களையே கேட்டிருக்கிறார்கள். பெறுபவரின் இடத்தில் நின்று பார்த்தால் இவற்றில் பலவற்றுக்கு வழி தெரியும் என்பதால், அந்த நோக்கிலேயே விடையளித்திருக்கிறேன்.

இறுதியாண்டுத் திட்டப்பணியின் நிரலை, நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் பொதுவில் வைத்திருக்கிறேன். உரிமம் எதையும் குறிப்பிடவில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றுதானே அதற்குப் பொருள்?
– பொறியியல் மாணவி, தருமபுரி

இல்லை, பொருள் நேர்மாறானது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, கணினி நிரலை இலக்கியப் படைப்பாகவே கருதுகிறது. நிரலை எழுதிய உடனேயே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது. அதற்குப் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே நீங்கள் எழுத்தில் அனுமதி தராதவரை உங்கள் நிரலைப் படியெடுக்கவோ மாற்றவோ விநியோகிக்கவோ பிறருக்கு உரிமை கிடையாது. பொதுக் களஞ்சியமாக வைத்ததால் கிட்ஹப்பின் விதிகள் பிறருக்குத் தருவது, அதைப் பார்க்கவும் அத்தளத்துக்குள்ளேயே கிளை எடுக்கவுமான (தம் கணக்கில் ஒரு நகல் வைத்துக்கொள்ளவுமான) அனுமதி மட்டுமே. உங்கள் நிரல் பயன்படட்டும் என்று நினைத்தீர்கள். ஆனால் உரிமக் கோப்பு இல்லாததைக் கண்டதும் விவரம் தெரிந்த எந்தப் பொறியாளரும் அதைத் தொடாமல் விலகிவிடுவார்.

யாரும் எப்படியும் பயன்படுத்தட்டும் என்றால் எம்ஐடி உரிமமோ அப்பாச்சி 2.0 உரிமமோ போதும்; பின்னது காப்புரிமை அனுமதியையும் வெளிப்படையாகத் தருகிறது. மாற்றி விநியோகிப்பவரும் தம் மாற்றங்களைத் திறந்து வைக்க வேண்டும் என்றால் ஜிபிஎல் 3 ஏற்றது. எதைத் தேர்ந்தாலும் அதன் முழு உரையையும் மாற்றாமல் ஒரு கோப்பாக வையுங்கள். சொந்தமாக ஒரு வரி எழுதிச் சேர்க்கும் ஆசை பலருக்கு வருவதுண்டு. நன்மைக்கே பயன்படுத்த வேண்டும், தீமைக்கு அல்ல என்ற ஒரே நிபந்தனையைக் கூடுதலாகக் கொண்ட ஜேசன் உரிமத்தை, நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், லினக்ஸ் வெளியீடான டெபியன் கட்டற்ற உரிமமாக ஏற்கவில்லை. இன்னொன்று: திட்டப்பணியைத் தோழிகளுடன் சேர்ந்து செய்திருந்தால் அவர்களும் உரிமையாளர்களே. அவர்களின் சம்மதத்தை மின்னஞ்சலில் பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் தயாரிக்கும் இயந்திரக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் லினக்ஸ் ஓடுகிறது. ஜெர்மனியில் வாங்கிய ஒருவர் ஜிபிஎல் மூலநிரலைக் கேட்டு எழுதியிருக்கிறார். எங்கள் சொந்த நிரலையும் கொடுத்தாக வேண்டுமா?
– சிறுதொழில் நிறுவனப் பங்குதாரர், ஓசூர்

அச்சப்பட வேண்டாம்; ஆனால் கடிதத்தை ஓரமாக வைத்துவிடவும் வேண்டாம். ஜெர்மானிய நீதிமன்றங்கள் ஜிபிஎல்லை நடைமுறைப்படுத்தத்தக்க உரிமமாக ஏற்று இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. மியூனிக் நீதிமன்றத்தின் தீர்ப்பு 2004-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது.

முதலில் பெட்டிக்குள் இருப்பவற்றைப் பிரித்துப் பாருங்கள். லினக்ஸின் கருவகம், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதி, ஜிபிஎல் 2 உரிமத்தில் உள்ளது. அதைத் துவக்கிவைக்கும் யு-பூட்டும், சிறிய கருவிகளில் வழக்கமாக இருக்கும் கட்டளைத் தொகுப்பான பிசிபாக்ஸும் அதே உரிமத்தின்கீழ் வருபவை. இவற்றைப் பெட்டியோடு விற்றுவிட்டீர்கள் என்றால் அது விநியோகம். மூலநிரலைத் தரும் கடமை அப்போதே தொடங்கிவிடுகிறது. பெட்டியோடு மூலநிரலையும் சேர்த்தே கொடுப்பது ஒரு வழி. கேட்கும் எவருக்கும் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு, அனுப்பும் செலவுக்கு மேல் வாங்காமல் தருவோம் என்ற எழுத்துப்பூர்வ உறுதிமொழியைப் பெட்டியோடு வைப்பது மற்றொரு வழி. நீங்கள் இரண்டையும் செய்யாததால்தான் அவர் கடிதம் எழுத நேர்ந்திருக்கிறது என்று ஊகிக்கிறேன்.

மூலநிரல் என்பதற்கு ஜிபிஎல் 2 தரும் விளக்கத்தைப் பலர் கவனிப்பதில்லை. தொகுக்கவும் நிறுவவும் பயன்படும் ஸ்கிரிப்டுகளும் அதில் அடங்கும். கருவகத்தின் பொதுப் பதிப்பைத் தரவிறக்கிக்கொள்ளச் சொல்லி ஒரு முகவரியை அனுப்பிவிட்டால் கடமை முடிந்ததாகாது. உங்கள் பெட்டியில் ஓடும் அதே பதிப்பு, நீங்கள் செய்த மாற்றங்கள், அமைவுக் கோப்பு ஆகிய அனைத்தும் வேண்டும். மின்சுற்றுப் பலகையை விற்றவர் கொடுத்த ஆயத்த மென்பொருள் படிமத்தை அப்படியே அதில் பதித்துப் பயன்படுத்தியிருந்தால், அவரிடமிருந்து இவற்றைக் கேட்டு வாங்குவது உங்கள் வேலைதான், ஏனெனில் வாடிக்கையாளருக்கு விநியோகித்தவர் நீங்கள். அடுத்த முறை கொள்முதல் ஆணையிலேயே இதை ஒரு நிபந்தனையாக எழுதிவிடுங்கள்.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். கருவகத்தின் வழக்கமான அழைப்புகள் வழியாக அதைப் பயன்படுத்தும் தனி நிரல், கருவகத்திலிருந்து வருவிக்கப்பட்ட படைப்பு ஆகாது என்று கருவகத்தின் உரிமக் குறிப்பிலேயே தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே, இயந்திரத்தை இயக்கும் உங்கள் சொந்தப் பயன்பாடு தனித்து ஓடினால், ஜிபிஎல் நூலகம் (பிற நிரல்கள் சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரல் தொகுப்பு) எதையும் அதனுடன் இணைக்காமல் இருந்தால், அதன் மூலநிரலைத் தர வேண்டியதில்லை. ஜிபிஎல்லின் தளர்ந்த வடிவமான எல்ஜிபிஎல்லில் உள்ள நூலகங்களை இயங்குநிலையில் இணைத்திருந்தால், பயனர் அந்த நூலகத்தை மாற்றி வைக்க வழிவிட்டாலே போதும். சிக்கலான இடம் ஒன்று உண்டு: உங்கள் சென்சாருக்காகக் கருவகத்துக்குள் ஏற்றும் மாட்யூல் எழுதியிருக்கிறீர்களா? மூடிய மாட்யூல்கள் பற்றிய வாதம் இன்றுவரை தீரவில்லை. அதை ஜிபிஎல் 2-இல் திறந்துவிடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. உங்கள் தொழிலின் நுட்பம் பெரும்பாலும் பயன்பாட்டு நிரலில்தான் இருக்கும், அந்த மாட்யூலில் அல்ல.

ஐரோப்பாவுக்கு அனுப்புகிறீர்கள் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் ரெசிலியன்ஸ் சட்டம் 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. பாதுகாப்புக் குறைகளை அறிவிக்கும் கடமை 2026 செப்டம்பரிலும், முதன்மையான கடமைகள் 2027 டிசம்பரிலும் தொடங்குமாறு அது வகுக்கப்பட்டிருக்கிறது. பொருளில் உள்ள மென்பொருள் கூறுகளின் பட்டியலை உற்பத்தியாளர் வைத்திருக்க வேண்டும் என்பது அக்கடமைகளுள் ஒன்று. நம் நாட்டிலும், கணினிப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான செர்ட்-இன் 2024-இல் இத்தகைய பட்டியலுக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. ஜிபிஎல் கடிதத்துக்காக இப்போது நீங்கள் எடுக்கப்போகும் கணக்கும் அந்தப் பட்டியலும் ஏறத்தாழ ஒன்றே. இத்தகைய பட்டியலுக்கான பொது வடிவமான எஸ்பிடிஎக்ஸில் எழுதி வைத்தால் இரண்டுக்கும் உதவும்.

மாம்பழ மண்டிகளுக்கு வரவு-செலவு மென்பொருள் செய்து விற்கிறேன். ரசீதை பிடிஎஃப் ஆக்குவதற்கு ஐடெக்ஸ்ட் நூலகத்தைச் சேர்த்திருக்கிறேன். இலவசமாகக் கிடைத்ததுதானே, ஏதேனும் தடை உண்டா?
– மென்பொருள் உருவாக்குநர், காவேரிப்பட்டணம்

உண்டு. ஐடெக்ஸ்ட் இரட்டை உரிமம் கொண்டது; விலை கொடுக்காமல் எடுத்தால் அது ஜிபிஎல்லின் கடுமையான வடிவமான ஏஜிபிஎல்லின்கீழ் வருகிறது. அதை இணைத்த மென்பொருளைப் பிறருக்குக் கொடுத்தால் முழு மென்பொருளும் ஏஜிபிஎல்லில் இருக்க வேண்டும். சர்வரில் வைத்து இணையம் வழியாக மட்டும் பயன்படுத்தக் கொடுத்தாலும், பயன்படுத்துவோருக்கு மூலநிரலைத் தர வேண்டிய நிலை வரும். ஏஜிபிஎல் உருவாக்கப்பட்டதே அதற்காகத்தான். உங்கள் மென்பொருளைத் திறந்துவிடலாம், வணிக உரிமம் வாங்கலாம், அல்லது நூலகத்தை மாற்றலாம். அப்பாச்சி 2.0 உரிமத்தில் பிடிஎஃப்பாக்ஸ் இருக்கிறது. ஆனால் மாற்றுமுன் ‘கொத்து’, ‘பெட்டி’ போன்ற சொற்களை அச்சிட்டுப் பாருங்கள். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும் பிடிஎஃப் நூலகங்கள் இன்றும் உண்டு.

மாணவர்களுக்கான பயிற்சி நிரல் ஒன்றை லினக்ஸுக்குத் தொகுத்தேன். என் மடிக்கணினியில் ஓடுகிறது. பள்ளியின் பழைய கணினிகளில் ‘ஜிலிப்சி 2.34 கிடைக்கவில்லை’ என்று நின்றுவிடுகிறது. புதிய செயல்பாடு எதையும் நான் பயன்படுத்தவில்லையே?
– அரசுப் பள்ளி ஆசிரியர், பென்னாகரம்

நீங்கள் பயன்படுத்தவில்லை என்பது உண்மைதான். உங்களுக்காகத் தொகுப்பி (கம்பைலர்) பயன்படுத்திவிட்டது. லினக்ஸில் பெரும்பாலான நிரல்கள் சார்ந்திருக்கும் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் ஒவ்வொரு செயல்கூறுக்கும் ஒரு பதிப்பெண் உண்டு, தொகுக்கும் கணினியில் இருக்கும் எண்ணே நிரலில் பதியும். நிரலைத் தொடங்கிவைக்கும் அடிப்படைச் செயல்கூறே 2.34-இல் புதிய எண் பெற்றது. அதனால், வணக்கம் என்று ஒரு வரி அச்சிடும் நிரலைக்கூட புதிய கணினியில் தொகுத்தால் அது 2.34-ஐக் கேட்கும். உபுண்டு 22.04-இல் இருப்பது 2.35, உபுண்டு 20.04-இலும் டெபியன் 11-இலும் இருப்பது 2.31. பழையதில் தொகுத்தது புதியதில் ஓடும் என்று ஜிலிப்சி உறுதி தருகிறது. மறுதிசையில் அந்த உறுதி கிடையாது.

எனவே நிரல் ஓட வேண்டிய கணினிகளிலேயே மிகப் பழையது எது என்று பார்த்து, அதே வெளியீட்டின் கன்டெய்னருக்குள் (உங்கள் கணினிக்குள்ளேயே தனித்து ஓடும் சூழலுக்குள்) தொகுங்கள். மடிக்கணினியை மாற்ற வேண்டியதில்லை. கன்டெய்னர் கருவிகளான டாக்கரிலோ பாட்மேனிலோ டெபியன் 11 படிமத்தை எடுத்தால் போதும். பைத்தான் நீட்சியாக இருந்தால் இதற்கென்றே மேனிலினக்ஸ் படிமங்கள் உள்ளன. மேனிலினக்ஸ் 2014 என்பது ஜிலிப்சி 2.17 வரை பின்னோக்கிப் போகிறது. ஒற்றைக் கோப்பாகக் கொடுக்கலாம் என்று ஆப்இமேஜைப் பலர் பரிந்துரைப்பார்கள். அது வசதியான வடிவம்தான், ஆனால் வழக்கமாக ஜிலிப்சியை உள்ளே எடுத்துச் செல்வதில்லை. அதையும் பழைய கணினியில்தான் உருவாக்க வேண்டும். தேவையான நூலகங்களைத் தானே கொண்டுவரும் பிளாட்பேக் வடிவம் இந்தச் சிக்கலை முற்றிலும் நீக்கும், என்றாலும் முதல் முறை நூற்றுக்கணக்கான மெகாபைட் இறங்கும். இணைப்பு மெதுவாக உள்ள பள்ளியில், பென்டிரைவில் எடுத்துப் போய் நிறுவக்கூடிய வடிவத்துக்கே நான் முன்னுரிமை தருவேன்.

நூலகத்தை நிரலுக்குள்ளேயே நிலையாக இணைத்துவிடலாமே என்று தோன்றும். ஜிலிப்சி எல்ஜிபிஎல் உரிமத்தில் இருப்பது. நிலையாக இணைத்தால், பெறுபவர் நூலகத்தை மாற்றி மீண்டும் இணைத்துக்கொள்ளத் தேவையான கோப்புகளையும் நீங்கள் தர வேண்டியிருக்கும். உங்கள் நிரலின் மூலநிரல் திறந்தே இருந்தால் இது பாரமில்லை. மூடியதாக இருந்தால், எம்ஐடி உரிமத்தில் உள்ள, ஜிலிப்சிக்கு மாற்றான மசல் நூலகத்துடன் இணைப்பது எளிது. வெளியிடுமுன் அந்தப் பள்ளிக் கணினிகளில் 32-பிட் இயங்குதளம் எதிலாவது இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

1.2.0 பதிப்பை வெளியிட்ட ஒரு மணி நேரத்தில் ஒரு பிழையைக் கண்டேன். யாரும் தரவிறக்கியிருக்க மாட்டார்கள். அதே எண்ணில் திருத்திய கோப்பை வைத்துவிடலாமா?
– உருவாக்குநர், ஊத்தங்கரை

கூடாது. யாரும் எடுத்திருக்க மாட்டார்கள் என்பதை உங்களால் உறுதியாக அறிய முடியாது. பிரதித் தளங்களும் தானியங்கிச் சோதனைகளும் சில நிமிடங்களிலேயே எடுத்துவிடுகின்றன. ஒரே எண்ணில் இரு வேறு கோப்புகள் உலவினால், சரிபார்ப்புத் தொகை (கோப்பிலிருந்து கணக்கிடப்படும் அடையாள எண்) பொருந்தாமல் மற்றவரின் நிறுவல் நிற்கும். யாரோ உள்ளே புகுந்து மாற்றிவிட்டார்கள் என்றே அவர் நினைப்பார். அப்படி நினைப்பதுதான் சரியும்கூட. பொதிகளை வெளியிடும் தளங்களான பைப்பிஐயும் (பைத்தானுக்கு) என்பிஎம்மும் (ஜாவாஸ்கிரிப்டுக்கு) ஒருமுறை பயன்பட்ட பதிப்பெண்ணை மீண்டும் பயன்படுத்த விடுவதில்லை. 1.2.1 என்று புதிய எண்ணில் வெளியிட்டு, பைப்பிஐயில் 1.2.0-ஐ விலக்கி வையுங்கள். அதையே துல்லியமாகக் கேட்பவருக்கு மட்டும் அது கிடைக்கும், புதிதாக நிறுவுவோருக்குத் திருத்திய பதிப்பு போகும். முற்றிலும் அழிக்காதீர்கள். 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற பதினொரு வரிப் பொதி என்பிஎம்மிலிருந்து நீக்கப்பட்டபோது, அதை நேரடியாக அறியாத ஆயிரக்கணக்கான திட்டங்களின் தொகுப்பு நின்றுபோயிற்று.

கோப்பைக் கையால் தயாரித்து ஏற்றுகிறீர்கள் என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். 2024 மார்ச்சில், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (மறைவாக உள்ளே நுழையும் வழி) கண்டுபிடிக்கப்பட்டது. அதை இயக்கிவைத்த ஸ்கிரிப்ட், மூலநிரலின் மாற்றங்களைச் சேமிக்கும் கிட் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுத் தொகுப்புக் கோப்பில் மட்டுமே இருந்தது. களஞ்சியத்தை எத்தனை பேர் படித்திருந்தாலும் அந்த ஸ்கிரிப்ட் அவர்கள் கண்ணில் பட்டிருக்காது. களஞ்சியத்தில் பதிப்பைக் குறிக்கும் கிட் குறிச்சொல்லிலிருந்து இயந்திரமே வெளியீட்டுக் கோப்பை உருவாக்கட்டும். வேறொருவர் தம் கணினியில் அதையே உருவாக்கிப் பார்த்தால் பைட் பிசகாமல் அதே கோப்பு கிடைக்கும் நிலைக்குக் கொண்டுவர முயலுங்கள். பெரும்பாலும் கோப்புக்குள் புகும் தேதியும் கோப்புகளின் வரிசையுமே வேறுபாட்டுக்குக் காரணமாக இருக்கும்.

ஐந்து ஆண்டுகளாக ஜிபிஎல்லில் நடத்தும் திட்டத்தை எம்ஐடிக்கு மாற்ற விரும்புகிறேன். இதுவரை இருபது பேர் பங்களித்திருக்கிறார்கள். நான்தானே தொடங்கியவன், என் முடிவு போதாதா?
– திட்டப் பராமரிப்பாளர், கிருஷ்ணகிரி

போதாது. ஒவ்வொருவரும் எழுதிய பகுதி அவரவருக்கே சொந்தம், அதை அவர்கள் உங்களுக்கு ஜிபிஎல்லில்தான் தந்தார்கள். இருபது பேரிடமும் எழுத்தில் சம்மதம் பெற வேண்டும்; மறுப்பவரின், அல்லது தொடர்புகொள்ள முடியாதவரின் பகுதியை நீக்கிப் புதிதாக எழுத வேண்டும். காணொளி இயக்கியான விஎல்சி திட்டம் தன் உள்நூலகத்தை ஜிபிஎல்லிலிருந்து எல்ஜிபிஎல்லுக்கு மாற்ற இவ்வாறே பழைய பங்களிப்பாளர்களை ஒவ்வொருவராகத் தேடிச் சம்மதம் வாங்கியது. இருபது பேர் என்பது செய்து முடிக்கக்கூடிய எண்ணிக்கைதான்.

சம்மதம் கேட்கும்போது, எழுதிய காலத்தில் அவர் எங்கு வேலை செய்தார் என்பதையும் கேளுங்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, பணியின் பகுதியாக எழுதப்பட்ட படைப்பின் முதல் உரிமையாளர் வேலை கொடுத்தவரே. ஓசூரிலோ பெங்களூரிலோ பணிபுரியும் நண்பர் அலுவலக நேரத்தில் எழுதியனுப்பிய திருத்தத்துக்கு அவருடைய சம்மதம் மட்டும் செல்லாமல் போகலாம். இனி வரும் பங்களிப்புகளுக்கு, லினக்ஸ் கருவகத் திட்டம் 2004-இல் கொண்டுவந்த மூலச் சான்றுமுறையைப் பின்பற்றுங்கள்: இந்த நிரலைத் தர எனக்கு உரிமை உண்டு என்று ஒவ்வொரு மாற்றத்தின் அடியிலும் பங்களிப்பவர் ஒப்பமிடும் ஒரு வரி போதும்.

சட்டப்படி முடிந்தாலும், ஏன் மாற்றுகிறீர்கள் என்பதைப் பங்களிப்பாளர்களிடம் முதலில் சொல்லுங்கள். சர்வர் அமைப்புக் கருவியான டெராஃபார்ம் 2023-இலும் தரவுத்தள மென்பொருளான ரெடிஸ் 2024-இலும் தம் உரிமத்தை இறுக்கியபோது, அவற்றைப் பயன்படுத்தியவர்கள் பழைய உரிமத்திலிருந்த நிரலை எடுத்துக்கொண்டு ஓபன்டோஃபு, வால்கீ என்ற தனித் திட்டங்களைத் தொடங்கினார்கள். நீங்கள் தளர்த்தத்தான் போகிறீர்கள் என்றாலும், ஜிபிஎல் என்பதற்காகவே எழுதிக் கொடுத்தவர் உங்கள் இருபது பேரில் ஒருவராக இருக்கலாம்.

என் தமிழ் அகராதிச் செயலியின் பொதிக்குள் நோட்டோ தமிழ் எழுத்துருவையும் விக்சனரியின் சொற்பட்டியலையும் சேர்க்கலாமா?
– தமிழாசிரியை, அரூர்

இரண்டையும் சேர்க்கலாம். நோட்டோ எழுத்துரு, எழுத்துருக்களுக்கான ஓஎஃப்எல் என்ற திறந்த உரிமத்தில் உள்ளது. செயலியோடு சேர்த்து விற்கவும் செய்யலாம், எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது. பிற ஓஎஃப்எல் எழுத்துருக்களில் ஒதுக்கப்பட்ட பெயர் என்று ஒன்று குறிப்பிடப்பட்டிருக்கலாம்; அவற்றில் அளவைக் குறைக்கச் சில எழுத்துகளை வெட்டினாலும் பெயரை மாற்றியாக வேண்டும். விக்சனரி உரைக்குரிய கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் மூலத்தைக் குறிப்பிடவும், வருவித்த தரவை அதே உரிமத்தில் பகிரவும் சொல்கிறது. எனவே சொற்பட்டியலை உங்கள் நிரலோடு கலக்காமல் தனிக் கோப்பாக வையுங்கள். எழுத்துருவுக்கும் சொற்பட்டியலுக்கும் உங்கள் நிரலுக்கும் தனித்தனி உரிமக் கோப்புகளை இட்டு, செயலியின் ‘இச்செயலியைப் பற்றி’ பக்கத்திலிருந்து மூன்றையும் திறந்து படிக்க வழி செய்யுங்கள்.