முதல் தலைமுறை வக்கீலுக்கு கிரிமினல் பக்கம் சரிப்படுமா?

தம்பி, வீட்டில் யாரும் வக்கீல் இல்லை, சட்டம் முடித்துவிட்டு கிரிமினல் பக்கம் போனால் பிழைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும், கொஞ்சம் தாமதமாக. என் முதல் வருடம் முழுக்க சீனியரின் கேஸ் கட்டைத் தூக்கியதும் வாய்தா வாங்கியதும்தான்.

பெரிய பெயரைத் தேடாதீர்கள். கொலை போன்ற பெரிய வழக்குகள் நடக்கும் செஷன்ஸ் கோர்ட்டில் தினமும் சாட்சி விசாரிக்கிறவரிடம் சேருங்கள். மகஜர் சாட்சி, அதாவது போலீஸ் பொருளைக் கைப்பற்றும்போது எழுதும் குறிப்பில் கையெழுத்துப் போட்டவர், எந்த இடத்தில் தடுமாறுகிறார், சீனியர் எந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுகிறார் என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்துதான் கற்க முடியும். வெறும் ஜாமீன் மனுவிலேயே நின்றால் காசு வரும், தொழில் வராது.

பார் கவுன்சிலில் வக்கீலாகப் பதிவு செய்யும் கட்டணத்துக்கு மலைக்காதீர்கள். பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125, அதற்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முத்திரைத் தீர்வை தனி.

அப்புறம், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு ஏழைக் கைதிகளுக்காக முழுநேர வக்கீல்களை நியமிக்கிறது. உதவி நிலைக்கு மூன்று வருடத்துக்குள் அனுபவம் இருந்தாலே போதும். வெளியே சொந்தமாக வழக்கு எடுக்க முடியாது, ஆனால் மாதச் சம்பளம் உண்டு. அறிவிப்பு வருகிறதா என்று உங்கள் மாவட்ட நீதிமன்றத்தில் விசாரித்துப் பாருங்கள்.