முதல் அசெம்பிள் கம்ப்யூட்டர்: தனித்தனியாக எல்லாம் நல்ல பாகங்கள்தான், சேர்த்துப் பார்த்தால்?

கேள்வி: பகலில் அலுவலக வேலை. பெரிய எக்செல் ஃபைல்கள், முப்பது நாற்பது பிரவுசர் டேப், வீடியோ மீட்டிங், வாரத்துக்கு ஒன்றிரண்டு வீடியோ எடிட்டிங். இரவில் கேம். முதன்முறையாகப் பாகங்களை வாங்கி நானே அசெம்பிள் செய்யப்போகிறேன். நான் போட்ட பட்டியல்: ரைசன் 7 7700எக்ஸ் பிராசஸர், பி650 மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்5 ரேம் நான்கு, ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 8 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு, 500 ஜிபி எஸ்எஸ்டி, 2 டிபி ஹார்டு டிஸ்க், விலை குறைவாகக் கிடைக்கிற 850 வாட் எஸ்எம்பிஎஸ், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியும் ஆறு ஆர்ஜிபி ஃபேனும் உள்ள கேபினட். மானிட்டர் பழையதே போதும் என்று நினைக்கிறேன். 1080பி, 60 ஹெர்ட்ஸ். எதையாவது மாற்ற வேண்டுமா?

பதில்: முதலில், பட்டியலில் இல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். கூலர் எங்கே? 7700எக்ஸ் பெட்டிக்குள் கூலர் வராது. எல்லாப் பாகமும் வந்து இறங்கிய அன்றுதான் பலருக்கு இது தெரியவருகிறது.

தனியாகக் கூலர் வாங்கலாம். ஆனால் உங்களுக்கு அதைவிட நல்ல வழி, எக்ஸ் இல்லாத 7700. அதே 8 கோர், 16 த்ரெட். உச்ச வேகம் 5.4க்குப் பதில் 5.3 கிகாஹெர்ட்ஸ். பெட்டியிலேயே ரெய்த் பிரிஸம் கூலர் வருகிறது. 7700எக்ஸ் முழு வேகத்தில் சாக்கெட்டிலிருந்து (போர்டில் பிராசஸர் அமரும் இடம்) 142 வாட் வரை இழுக்கும். 7700 அதிகபட்சம் 88 வாட்டில் நின்றுவிடும். சூடு குறைவு, சத்தம் குறைவு, கேமில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஒரே எச்சரிக்கை: ‘ட்ரே’ என்று பெட்டியில்லாமல் விற்கப்படும் பிராசஸரில் கூலர் இருக்காது. விலை கொஞ்சம் குறைவாக இருக்கிறதே என்று அதை எடுத்துவிடாதீர்கள்.

வீடியோ எடிட்டிங் வாரம் ஒரு முறைதான், எக்ஸ்போர்ட் ஆகும்போது எழுந்துபோய் டீ குடிக்கத் தயார் என்றால் 6 கோர் ரைசன் 5 7600 கூடப் போதும். அதிலும் கூலர் உண்டு. மிச்சமாகும் பணத்துக்கு வேறு இடத்தில் வேலை இருக்கிறது.

அந்த இடம் மானிட்டர். கார்டு நொடிக்கு 120 ஃபிரேம் தயாரித்தாலும் 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் 60ஐத்தான் காட்டும். மீதி 60க்கும் நீங்கள் காசு கொடுத்திருப்பீர்கள், பார்க்க மாட்டீர்கள். 27 இன்ச், 1440பி, 144 ஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல் உள்ள மானிட்டர்தான் வேலை, கேம் இரண்டுக்கும் பொதுவாகப் பொருந்துவது. 1080பியைவிட இதில் கிட்டத்தட்ட 1.8 மடங்கு பிக்ஸல் இருக்கிறது. எக்செலில் கூடுதலாக வரிசைகள் தெரியும். மீட்டிங்கை ஒரு ஓரத்தில் வைத்துவிட்டு வேலையைத் தொடரலாம். பழைய மானிட்டரைத் தூக்கிப் போட வேண்டாம், பக்கத்தில் இரண்டாவதாக வையுங்கள். உண்மையில் பட்டியல் போடும்போது மானிட்டரில் ஆரம்பித்துத்தான் கார்டுக்கு வர வேண்டும். பெரும்பாலானவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள்.

1440பி என்று முடிவானால் 8 ஜிபி கார்டு ஒத்துவராது. 5060 டிஐ ஒரே பெயரில் 8 ஜிபி, 16 ஜிபி என இரண்டு விதமாக வருகிறது. சிப் ஒன்றே, மின்சாரத் தேவையும் ஒன்றே (180 வாட்). மாறுவது கார்டில் இருக்கும் மெமரி மட்டும். டெக்ஸ்சர்கள் (கேமில் சுவர், தரை மேல் ஒட்டும் படங்கள்) அந்த மெமரியில் அடங்காவிட்டால், மிச்சம் மதர்போர்டில் இருக்கும் ரேமுக்குப் போய், தேவைப்படும்போதெல்லாம் பிசிஐஇ பாதை (கார்டும் மதர்போர்டும் பேசும் வழி) வழியாக வந்து போகும். அந்தப் பாதை கார்டின் சொந்த மெமரியைவிடப் பல மடங்கு மெதுவானது. போதாக்குறைக்கு இந்தக் கார்டு அந்தப் பாதையின் 16 லேனில் 8ஐத்தான் பயன்படுத்துகிறது. விளைவு இப்படி இருக்கும்: சராசரி ஃபிரேம் எண் நன்றாகவே காட்டும், ஆனால் திரும்பும் இடத்திலெல்லாம் படம் வெட்டி வெட்டி வரும், சுவர்கள் சில நொடி மங்கலாக நின்று பிறகு தெளியும். செட்டிங்ஸைக் குறைத்தால் சரியாகும்தான். ஆனால் புதுக் கார்டு வாங்கியதே செட்டிங்ஸைக் குறைக்காமல் இருக்கத்தானே? பெட்டியில் 16 ஜிபி என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஆர்டர் போடும் பக்கத்தில் இரண்டும் அடுத்தடுத்து இருக்கும். ஏஎம்டி பக்கம் போனால் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டியிலும் இதே 8, 16 குழப்பம் உண்டு, அங்கேயும் 16தான்.

புது மானிட்டர் வாங்க இப்போதைக்கு வழியே இல்லை, 1080பியில்தான் ஓட்டப்போகிறீர்கள் என்றால் 8 ஜிபி சமாளிக்கும். ஆனால் அடுத்த வருடம் மானிட்டர் மாற்றும்போது கார்டையும் மாற்ற வேண்டிவரும்.

அடுத்து ரேம். இந்தப் பட்டியலில் நிஜமாகவே கையைக் கடிக்கப்போவது இதுதான். 8 ஜிபி நான்கு, 16 ஜிபி இரண்டு, எப்படிப் போட்டாலும் 32தானே என்று தோன்றும். டிடிஆர்4 காலத்தில் அப்படி நினைத்தாலும் பெரிய தவறில்லை. ரைசன் 7000 பிராசஸருக்கு ஏஎம்டி தரும் அதிகாரபூர்வ வேகம், இரண்டு ரேம் போட்டால் 5200. நான்கு ஸ்லாட்டையும் நிரப்பினால் 3600. நீங்கள் 6000 என்று எழுதியிருக்கும் ரேம் வாங்கி நான்கையும் மாட்டினால் ஒன்று அந்த வேகத்தில் பூட் ஆகாது, அல்லது பூட் ஆகிவிட்டு இரண்டு நாளுக்கு ஒரு முறை காரணமில்லாமல் ரீஸ்டார்ட் ஆகும். இரண்டாவது வகைத் தொல்லையைக் கண்டுபிடிப்பதற்குள் விண்டோஸை மூன்று முறை அழித்துப் போட்டிருப்பீர்கள். இன்னொன்றும் உண்டு: 8 ஜிபி டிடிஆர்5 ரேமில் சிப்கள் நான்குதான், அந்த வகைச் சிப்பில் பேங்க் குரூப்பும் (சிப்புக்குள் இருக்கும் மெமரிப் பிரிவுகள்) பாதிதான். அதனால் அதே வேகம் எழுதியிருந்தாலும் 16 ஜிபி ரேமைவிடச் சற்று மந்தம்.

ஆக, 16 ஜிபி இரண்டு, ஒரே பாக்கெட்டில் ஜோடியாக வருவது, டிடிஆர்5 6000, சிஎல்30 (தாமத அளவு, குறைவாக இருப்பது நல்லது), எக்ஸ்போ ஆதரவு (எழுதியிருக்கும் வேகத்தில் ரேமை ஓட்டும் ஏஎம்டி வசதி) உள்ளது. தனித்தனியாக வாங்கிய இரண்டு ரேம்கள் பெயர் ஒன்றாகவே இருந்தாலும் உள்ளே சிப் வேறாக இருக்கலாம். பின்னாளில் 64 வேண்டுமென்றால் இன்னும் இரண்டைச் சொருகாதீர்கள். இவற்றை விற்றுவிட்டு 32 ஜிபி ஜோடி வாங்குங்கள்.

எஸ்எஸ்டியும் ஹார்டு டிஸ்க்கும்: பெரிய கேம் ஒன்றே 100 ஜிபியைத் தாண்டுகிறது, 500 ஜிபி மூன்று மாதத்தில் நிறைந்துவிடும். ஹார்டு டிஸ்க்கை விட்டுவிட்டு 1 டிபி என்விஎம்இ (பிசிஐஇ பாதையில் ஓடும் வேகமான வகை) எஸ்எஸ்டி ஒன்று, முடிந்தால் 2 டிபி. ஜென்4 (பிசிஐஇயின் நான்காம் தலைமுறை), டிஎல்சி (ஒரு செல்லில் மூன்று பிட்) வகை என்று பாருங்கள். மலிவான கியூஎல்சி (ஒரு செல்லில் நான்கு பிட்) வகையில் பெரிய வீடியோ ஃபைலைக் காப்பி செய்யும்போது முதல் சில ஜிபி பறக்கும், கேஷ் நிறைந்ததும் வேகம் சில மாடல்களில் ஹார்டு டிஸ்க் அளவுக்கு இறங்கிவிடும். ஜென்5க்குக் கூடுதல் பணம் கொடுக்க உங்கள் வேலையில் எந்தக் காரணமும் இல்லை. எம்.2 என்ற அதே சின்னக் குச்சி வடிவத்திலேயே சாட்டா (பழைய, மெதுவான இணைப்பு) எஸ்எஸ்டியும் விற்கிறார்கள், பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். பெட்டியில் என்விஎம்இ என்ற சொல் இருக்க வேண்டும்.

எஸ்எம்பிஎஸ் (எல்லாப் பாகத்துக்கும் மின்சாரம் தரும் பெட்டி) விஷயத்தில் 850 என்ற எண்ணை நம்பி மலிவானதை எடுத்திருக்கிறீர்கள். கணக்கைப் பாருங்கள். கார்டு 180, பிராசஸர் 88, மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் சேர்த்து 70 என்று தாராளமாகவே வைத்தாலும் 340 வாட்டைத் தாண்டவில்லை. கார்டுகள் நொடியின் சிறு துணுக்கில் திடீரென்று அதிகம் இழுக்கும். அதற்கும் பின்னாளில் கார்டு மாற்றுவதற்கும் இடம் விட்டால் தரமான 650 வாட் போதும்.

தரமானது என்று எப்படித் தெரிந்துகொள்வது? பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். பிராசஸரும் கார்டும் தின்பது 12 வோல்ட் மின்சாரம். லேபிளில் 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கும். அதை 12ஆல் பெருக்குங்கள். நல்ல 650 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் 54 ஆம்பியர் இருக்கும்: 648 வாட். அதாவது சொன்ன வாட் முழுக்க 12 வோல்ட்டிலேயே கிடைக்கிறது. 850 என்று பெரிதாக எழுதிவிட்டு 12 வோல்ட்டில் 45 ஆம்பியர் காட்டினால் அது நிஜத்தில் 540 வாட் சரக்கு. 80 பிளஸ் கோல்டு முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டும் சொல்லும். உள்ளே இருக்கும் பாகங்களின் தரத்தைச் சொல்லாது. நீண்ட வாரண்டி அதைவிட நல்ல அடையாளம். இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம், ஏனென்றால் மோசமான எஸ்எம்பிஎஸ் போகும்போது தனியாகப் போகாது.

மாடுலர் (கேபிள்களைக் கழற்றி மாட்டக்கூடிய) எஸ்எம்பிஎஸ் வாங்கினால் அதனுடன் வந்த கேபிள்களைத் தவிர வேறு எதையும் அதில் சொருகாதீர்கள். எஸ்எம்பிஎஸ் பக்கத்தில் எந்தப் பின்னில் எந்த வோல்ட் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சொருகினால் கச்சிதமாகப் பொருந்தும், ஆன் செய்ததும் எஸ்எஸ்டி கருகும்.

கேபினட்டுக்கு முன்பக்கம் கண்ணாடி வேண்டாம், வலை போதும். ஃபேன் ஆறு இருந்தாலும் காற்று நுழைய வழியில்லை என்றால் உள்ளே இருக்கும் சூட்டையே சுற்றிக்கொண்டிருக்கும். முன்னால் இரண்டு உள்ளிழுக்க, பின்னால் ஒன்று வெளியேற்ற, மூன்று போதும். கார்டின் நீளத்தை மில்லிமீட்டரில் பார்த்து, கேபினட் எவ்வளவு தாங்கும் என்பதோடு ஒப்பிடுங்கள்.

மதர்போர்டு சரியான தேர்வுதான். வைஃபை வேண்டுமென்றால் பெயரில் அது இருக்கிறதா, எம்.2 ஸ்லாட் இரண்டாவது இருக்கிறதா, பின்பக்கம் பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் (போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் பென் டிரைவிலிருந்து புதுப்பிப்பது) இருக்கிறதா, இந்த மூன்றைப் பாருங்கள். ரைசன் 9000 எடுக்க மனம் மாறினால் அந்தப் பட்டன் உதவும்: பழைய பயாஸோடு வந்த பி650 போர்டு புதுப் பிராசஸரை அடையாளம் காணாமல் நிற்கலாம்.

இனி மாட்டும்போது தடுக்கும் இடங்கள். இந்தப் பிராசஸருக்கான ஏஎம்5 சாக்கெட்டில் பின்கள் போர்டில் இருக்கின்றன, பிராசஸரில் அல்ல. பிராசஸரின் மூலையில் உள்ள தங்க முக்கோணத்தைச் சாக்கெட்டில் உள்ள முக்கோணத்தோடு பொருத்தி, மேலிருந்து நேராக வையுங்கள். தள்ளவோ அழுத்தவோ கூடாது. லீவரை இறக்கும்போது நெஞ்சு பதறும் அளவுக்கு அழுத்தம் தேவைப்படும், அது இயல்பு. ரேமைப் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போடுங்கள். ரெய்த் பிரிஸம் அடியில் பேஸ்ட் ஏற்கெனவே தடவியிருக்கும், மேலே இன்னொரு கோட்டிங் வேண்டாம். ஃபேன் ஒயரைச் ‘சிபியு ஃபேன்’ என்று எழுதிய இடத்தில் சொருகுங்கள். பிராசஸருக்கான 8 பின் பிளக்கும் கார்டுக்கான 8 பின் பிளக்கும் ஒன்றல்ல. 4+4 ஆகப் பிரிவது பிராசஸருக்கு, 6+2 ஆகப் பிரிவது கார்டுக்கு. கேபினட்டில் போர்டின் துளை இல்லாத இடத்தில் ஸ்டாண்ட்ஆஃப் திருகு (போர்டைத் தூக்கிப் பிடிக்கும் குட்டித் திருகு) இருந்தால் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் போர்டின் அடியில் ஷார்ட் ஆகும்.

முடிந்தால் போர்டு வந்த அட்டைப் பெட்டியின் மேலேயே போர்டு, பிராசஸர், கூலர், ஒரு ரேம், எஸ்எம்பிஎஸ் மட்டும் வைத்து ஒரு முறை ஆன் செய்து பாருங்கள். 7700க்குள் சின்ன கிராஃபிக்ஸ் இருப்பதால் மானிட்டரைப் போர்டிலேயே மாட்டலாம். முதல் பூட்டில் திரை கறுப்பாகவே நிற்கும். போர்டில் ‘டிரேம்’ என்று எழுதிய விளக்கு மட்டும் எரியும். ரேமைப் பழக்கப்படுத்திக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், சில நிமிடம் ஆகலாம். பயந்துபோய் பவரை அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பதினைந்து நிமிடம் கழித்தும் படம் வரவில்லை என்றால்தான் ரேமைக் கழற்றி மாட்டிப் பாருங்கள்.

படம் வந்ததும் பயாஸில் எக்ஸ்போவை ஆன் செய்யுங்கள். செய்யாவிட்டால் 6000 ரேம் 4800இல் ஓடிக்கொண்டிருக்கும். ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் பிராசஸர் ஒரே வீச்சில் அணுக விடும் வசதி) ஆனில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். கேபினட்டில் பூட்டியபின் மானிட்டர் கேபிள் கிராஃபிக்ஸ் கார்டுக்கு மாற வேண்டும். போர்டிலேயே விட்டுவிட்டு ‘கேம் இழுக்கிறதே’ என்று கவலைப்படுபவர்கள் ஏராளம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டதால் நேராக 11ஐப் போடுங்கள். போர்டின் நெட்வொர்க் டிரைவரை முன்கூட்டியே பென் டிரைவில் இறக்கி வையுங்கள், இன்ஸ்டால் நடுவில் இண்டர்நெட் கேட்டு நின்றுகொள்ளும். விண்டோஸ் வந்ததும் டிஸ்பிளே செட்டிங்ஸில் 144 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள். அது தானாக மாறாமல் 60இலேயே இருப்பது சகஜம்.

திருப்பிக் கொடுக்கும் நாள் முடிவதற்குள் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஒரு இரவு முழுக்க ஓட்டுங்கள். ஒரு பிழை வந்தாலும் ரேம் ஜோடியை மாற்றிக் கேளுங்கள். மறுநாள் கனமான கேம் ஒன்றை இரண்டு மணி நேரம் தொடர்ந்து ஓட்டி வெப்பத்தைப் பாருங்கள். பிராசஸர் 95 டிகிரி வரை தாங்கும்படி செய்ததுதான், ஆனால் கேமிலேயே அங்கே போய் நின்றால் கூலர் சரியாக அமரவில்லை என்று அர்த்தம். அதுவரை எந்தப் பெட்டியையும் எறிய வேண்டாம். பிராசஸர் மாட்டும்போது சாக்கெட்டிலிருந்து துள்ளி விழுந்த கறுப்புப் பிளாஸ்டிக் மூடியை மட்டும் வாரண்டி முடியும்வரை பத்திரமாக வையுங்கள். போர்டைச் சர்வீசுக்கு அனுப்பும்போது அந்த மூடி இல்லாவிட்டால் பின் வளைந்தது உங்கள் கணக்கில்தான் சேரும்.