பழைய ஈய வீரர்களுக்கு நியாய விலை எது? – கேள்வி பதில்

வார்ஹாமர் போன்ற மேசைப் போர் விளையாட்டுகளுக்காக 1970, 80, 90-களில் வார்க்கப்பட்டு, இப்போது கடைகளில் கிடைக்காத மினியேச்சர்களை விற்பது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். எழுதியவர்களில் பெரும்பாலோர் பிரிட்டனில் இருப்பவர்கள். இந்தப் பொருளின் முக்கியச் சந்தையும் அங்கேதான் இருக்கிறது என்பதால் பதில்களும் அதை ஒட்டியே அமைந்துள்ளன. பெயர்களை நீக்கிவிட்டேன்.

கேள்வி: ஐயா, என் கணவரின் அண்ணன் சென்ற ஆண்டு காலமானார். அவர் வீட்டுப் பரணில் பெட்டி பெட்டியாக இந்தச் சிறு உருவங்கள் இருக்கின்றன. எனக்கு இதைப் பற்றி எதுவும் தெரியாது. ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "மொத்தத்துக்கும் 150 பவுண்ட் தருகிறேன், இன்றே எடுத்துக்கொள்கிறேன்" என்கிறார். கொடுத்துவிடலாமா?

இன்று கொடுக்காதீர்கள் அம்மா. பெட்டிக்குள் இருப்பது என்னவென்று தெரிவதற்கு முன் எந்தத் தொகையையும் நியாயம் என்றோ அநியாயம் என்றோ சொல்ல முடியாது. வந்தவர் நல்லவராகவே இருக்கலாம். நல்லவர் என்றால் இரண்டு வாரம் பொறுத்திருப்பார். "இன்றே" என்று அவசரப்படுத்துகிறவருக்கு உங்களுக்குத் தெரியாத ஏதோ ஒன்று தெரிந்திருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

முதலில் எதையும் கழுவ வேண்டாம், துடைக்க வேண்டாம், உடைந்ததை ஒட்ட வேண்டாம். எந்த உருவம் எந்தப் பெட்டியில் இருந்ததோ அதிலேயே இருக்கட்டும். பெட்டிக்குள் கிடக்கும் தாள்கள், அட்டைகள், விதிப் புத்தகங்கள், காலி உறைகள் எதையும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். 1989-இல் வந்த ஸ்பேஸ் ஹல்க் போன்ற பெட்டி விளையாட்டில் தரைத்துண்டு அட்டைகள் முழுமையாக இருக்கின்றனவா என்பதுதான் வாங்குகிறவர் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கும்.

அடுத்து, ஒவ்வொன்றையும் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். வார்ஹாமர் உருவங்களை வார்த்த சிட்டாடல் நிறுவனம் 1970-களின் இறுதியில் இங்கிலாந்தின் நியூவார்க் நகரில் தொடங்கியது. அதன் தொடக்க கால உருவங்களில் காலும் பீடமும் ஒரே வார்ப்பாக இருக்கும். 1980-களின் நடுவில் முறை மாறியது. காலுக்குக் கீழே ஓர் உலோகப் பட்டை வைத்து, அதைக் கறுப்புப் பிளாஸ்டிக் பீடத்தின் பிளவில் செருகினார்கள். சேகரிப்பாளர்கள் இதை ஸ்லாட்டா என்பார்கள். அந்தப் பட்டையில் நிறுவனத்தின் பெயர், ஆண்டு, சிலவற்றில் உருவத்தின் பெயர் ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். அந்த ஆண்டு வடிவத்தின் பதிப்புரிமை ஆண்டு மட்டுமே. 1987 என்று பொறித்த உருவம் அதற்குச் சில ஆண்டுகள் கழித்து வார்க்கப்பட்டதாகவும் இருக்கலாம். அமெரிக்காவின் ரால் பார்த்தா, கிரெனடியர் ஆகிய நிறுவனங்களின் உருவங்களில் பீடத்தின் அடியில் எழுத்துகளைத் தேடுங்கள்.

பத்துப் பத்தாக வரிசையில் நிறுத்திப் படம் எடுங்கள். பழைய விலைப்பட்டியல்களையும் விளம்பரப் பக்கங்களையும் சேகரிப்பாளர்கள் வருடி இணையத்தில் வைத்திருக்கிறார்கள். அவற்றோடு ஒப்பிட்டால் ஓரிரு மாலைகளில் பாதிக்கு மேல் அடையாளம் தெரிந்துவிடும். அதன்பின் அந்த 150 பவுண்ட்காரரை மீண்டும் அழையுங்கள்.

பழையது எல்லாம் விலை உயர்ந்தது என்று நினைத்துவிடவும் வேண்டாம். 1980-களின் இறுதியில் ஸ்பேஸ் மரீன் வீரர்கள் 30 பேர் கொண்ட பிளாஸ்டிக் பெட்டி 9.99 பவுண்டுக்கு விற்றது. கையில் காசு கிடைத்த சிறுவர்கள் எல்லாம் அதை வாங்கினார்கள். முழுப் பெட்டிக்கு இன்றும் மதிப்பு உண்டு. உதிரியாகப் பூச்சு அப்பிக் கிடக்கும் ஒற்றை வீரனுக்குப் பெரிய தொகை எதிர்பார்க்க முடியாது.

கேள்வி: ஒரே உருவத்தை இபேயில் ஒருவர் 95 பவுண்டுக்கும் இன்னொருவர் 15 பவுண்டுக்கும் போட்டிருக்கிறார்கள். நான் எந்த விலையை எடுத்துக்கொள்வது?

இரண்டையும் விடுங்கள். அவை கேட்கும் விலைகள். யாரும் எதற்கும் எவ்வளவும் கேட்கலாம். 95 பவுண்ட் போட்டவரின் உருவம் மாதக்கணக்கில் விற்காமல் கிடப்பதாகவும் இருக்கும். "விற்றவை" என்று வடிகட்டும் வசதி அங்கே இருக்கிறது. அதில் மட்டும் பாருங்கள்.

ஒரு கணக்கு சொல்கிறேன். கடைசியாக விற்ற ஐந்து 12, 14, 15, 17, 48 பவுண்ட் என்று வைத்துக்கொள்வோம். சராசரி எடுத்தால் 21-க்கு மேல் வரும். அந்த விலைக்கு நீங்கள் போட்டால் வாங்க ஆள் வராது. நடுவில் நிற்கும் 15-தான் சந்தை விலை. 48-ஐத் தனியாகத் திறந்து பாருங்கள். பிரிக்காத உறையோடு இருந்ததா? கையில் வேறு ஆயுதம் உள்ள அரிய வகையா? இல்லை, இரண்டு பேர் ஏலத்தில் பிடிவாதம் பிடித்தார்களா? முதல் இரண்டு காரணங்கள் உங்கள் உருவத்துக்கும் பொருந்தினால் மட்டும் விலையை உயர்த்துங்கள். தபால் செலவு சேர்ந்த தொகையா, சேராததா என்பதையும் கவனியுங்கள். பேரம் பேசி முடிந்த விற்பனைகளில் உண்மையில் கைமாறிய தொகைக்குப் பதிலாக முதலில் கேட்ட விலையே தெரிவதும் உண்டு. அவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அடிக்கடி விற்கும் உருவத்துக்கு நிலையான விலை போடுங்கள். விற்ற தடயமே கிடைக்காத அரிய உருவத்தை ஏலத்தில் விடுங்கள். அங்கே விலையை உங்களைவிட வாங்குகிறவர்கள் நன்றாக அறிவார்கள்.

கேள்வி: "உற்பத்தி நின்றது" என்று எழுதினால் விலை கூடுமா?

உண்மையாகவே நின்றிருந்தால் கூடும். ஆனால் பலர் விசாரிக்காமல் எழுதுகிறார்கள். கிரெனடியர் நிறுவனம் 1990-களில் மூடப்பட்டாலும் அதன் மாயாஜால உலக உருவங்கள் பல இத்தாலியின் மிர்லிட்டோன் வழியாக மீண்டும் விற்பனைக்கு வந்தன. ரால் பார்த்தாவின் அச்சுகள் பல அமெரிக்காவின் அயர்ன் விண்ட் மெட்டல்ஸிடம் போயின. புதிதாக வார்த்துத் தரும் இடம் இருக்கிறதா என்று பார்க்காமல் அரிய பொருள் என்று விற்பது வாங்குகிறவரை ஏமாற்றுவதாகும்.

எதிர்பாராத மறுவரவும் உண்டு. 2015-இல் வார்ஹாமரின் 'பழைய உலகம்' என்ற கற்பனை உலகத்தை அதன் வெளியீட்டாளரான கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுத்தியபின் பிரெட்டோனியக் குதிரை வீரர்களும் டூம்ப் கிங்ஸ் எலும்புப் படைகளும் கடைகளிலிருந்து மறைந்தன. 2024 ஜனவரியில் தி ஓல்ட் வேர்ல்ட் விளையாட்டு வந்தபோது அந்தப் பழைய உருவங்களில் பல திரும்பி வந்தன. விளையாடுவதற்காகத் தேடியவர்கள் புதியதையே வாங்கலாம் என்றானபின் பழையதற்கு அதே விலை கேட்பது சரியில்லை. சேகரிப்பவருக்கு மட்டும் முதல் காலத்து வார்ப்பு இன்னும் வேண்டும். அதனால் உங்களிடம் இருப்பது எந்தக் காலத்து வார்ப்பு என்பதைத் தெளிவாக எழுதுங்கள்.

கேள்வி: பழைய பூச்சை நீக்கிவிட்டு விற்றால் அதிகம் கிடைக்குமா?

கை வைக்காதீர்கள் என்பதே என் பதில். வாங்குகிறவர்களில் பாதிப்பேர் தாங்களே நீக்கிக்கொள்வார்கள். மறுபாதிக்கு 1988-இல் யாரோ அக்கறையோடு தீட்டிய அந்தப் பூச்சுதான் வேண்டும். உலோக உருவத்துக்குத் தாங்கும் அசிட்டோன் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். டெட்டாலில் ஊறவைத்து நேராகத் தண்ணீரில் கழுவினால் பூச்சு பிசினாகி மடிப்புகளுக்குள் அப்பிக்கொள்ளும். உருவத்தின் கைகால்களை மறைக்கும் அளவுக்குப் பூச்சு தடித்திருந்தால் "தடித்த பூச்சு" என்று எழுதி, அதற்கேற்ப விலையைக் குறைத்துவிடுங்கள். "தொழில்முறைப் பூச்சு" என்ற சொல்லையும் தவிர்த்துவிடுங்கள். படமே அதைச் சொல்லிவிடும்.

கேள்வி: சில உருவங்களின் மேல் வெள்ளைப் பொடி படிந்திருக்கிறது. பூஞ்சையா?

பெரும்பாலும் ஈய அரிப்பாகத்தான் இருக்கும். சிட்டாடல் 1997 வாக்கில் ஈயமில்லாத வெள்ளை உலோகத்துக்கு மாறும்வரை ஈயக் கலவையில்தான் வார்த்தது. ஓக் மரம், எம்.டி.எஃப். பலகை, சில வகை அட்டை ஆகியவற்றிலிருந்து மெல்ல வெளிவரும் அசிட்டிக் அமில ஆவி ஈயத்தை அரித்து ஈயக் கார்பனேட்டாக்கிவிடும். அந்தப் பொடி நஞ்சு. ஊதாதீர்கள், உலர்ந்த தூரிகையால் தட்டாதீர்கள், சமையலறை மேசையில் வைக்காதீர்கள், குழந்தைகளை அருகில் விடாதீர்கள். கையுறை போட்டுக்கொண்டு, பாதிக்கப்பட்டவற்றை மூடி போட்ட தனிப் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றுங்கள். நல்ல உருவங்களையும் அந்த மரப்பெட்டியிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதே ஆவி அவற்றையும் தாக்கும்.

அரிப்பு உள்ளதை விற்பதென்றால் பொடி தெரியும்படி அருகிலிருந்து படம் எடுத்துப் போடுங்கள். முகமும் விரல்களும் கரைந்துபோனதை நான் விற்கவே மாட்டேன். மேலும், ஈய உருவங்கள் எவையாக இருந்தாலும் "வயது வந்தோர் சேகரிப்புக்கு மட்டும்" என்று எழுதுங்கள். பொம்மை என்று நினைத்து யாராவது குழந்தைக்கு வாங்கிவிடக் கூடாது.

கேள்வி: அண்ணா, நான் வாங்கிய தொகுப்பில் சில கள்ள வார்ப்புகளோ என்று சந்தேகம். எப்படிக் கண்டுபிடிப்பது? மற்றவற்றோடு சேர்த்து விற்கலாமா?

அசல் உருவத்தை ரப்பரில் பதித்து அச்சு எடுத்து, அதில் மீண்டும் உலோகம் ஊற்றுவார்கள். உலோகம் ஆறும்போது சுருங்கும். அதனால் கள்ள வார்ப்பு அசலைவிட ஒரு மயிரிழை சிறியதாக இருக்கும். சந்தேகமில்லாத அசல் ஒன்றை இரவல் வாங்கியாவது பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். பற்கள், சங்கிலி வளையம், கொக்கி போன்ற நுணுக்கங்கள் மழுங்கியிருக்கும். காலடிப் பட்டையின் எழுத்துகள் கலங்கியிருக்கும், அல்லது சுரண்டி எடுத்திருப்பார்கள். பரப்பில் ஊசிமுனைக் குழிகள் இருக்கும். பழைய ஈயம் மென்மையானது. தாளில் தேய்த்தால் பென்சில்போல் சாம்பல் கோடு விழும். 1985 என்று பொறித்த உருவம் கடினமாக இருந்து, கோடும் விழாவிட்டால் யோசியுங்கள். ரெசின் என்ற பிசின் வகைப் பிளாஸ்டிக்கில் இருந்தாலும் யோசியுங்கள். ஆனால் கேம்ஸ் வொர்க்‌ஷாப் தானே 2011 முதல் ஃபைன்காஸ்ட் என்ற பெயரில் சில உலோக உருவங்களை ரெசினுக்கு மாற்றியது. ரெசின் என்பதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள்.

உறுதியான கள்ள வார்ப்பை விற்கக் கூடாது தம்பி. "கள்ள வார்ப்பு" என்று எழுதி விற்றாலும் கூடாது. உங்களிடம் வாங்கியவர் அடுத்தவருக்கு விற்கும்போது அந்த வரி காணாமல் போய்விடும். சந்தேகம் மட்டும்தான் என்றால், சந்தேகத்தையும் அதற்கான காரணத்தையும் எழுதி, தனியாக, குறைந்த விலைக்கு விற்றுவிடுங்கள். அசல்களோடு கலந்து வைத்தால் அசல்களின் மேலும் சந்தேகம் விழும்.

கேள்வி: ஒரு வியாபாரி, இணைய விலையில் பாதிதான் தருவேன் என்கிறார். இது கொள்ளை இல்லையா?

இல்லை. பிரித்து, அடையாளம் கண்டு, படம் எடுத்து, பொட்டலம் கட்டி, திருப்பி அனுப்புகிறவர்களைச் சமாளித்து, விற்காமல் தேங்குவதையும் தாங்கிக்கொள்கிறவர் அவர். மொத்தத்தையும் ஒரே நாளில் எடுத்துக்கொண்டு பாதி கொடுத்தால் அது நேர்மையான விலை என்பேன். நல்ல ஐந்தாறை மட்டும் பொறுக்கிக்கொண்டு பாதி கொடுக்கிறேன் என்றால் சம்மதிக்காதீர்கள். அந்த ஐந்தாறும் போனபின் மீதிக் குவியலை யாரும் கேட்க மாட்டார்கள்.

நேரம் இருக்கிறவர்களுக்கு நடுவழி ஒன்று உண்டு. அரியவற்றை ஒவ்வொன்றாகவும், ஒரே படைப்பிரிவைச் சேர்ந்தவற்றைக் கூட்டமாகவும், எஞ்சியதை ஒரே குவியலாகவும் விற்கலாம். லண்டனின் சல்யூட், நியூவார்க்கின் பார்ட்டிசான் போன்ற போர் விளையாட்டுக் கண்காட்சிகளுக்குப் போனால், உருவத்தைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்குகிறவர்களை நேரில் சந்திக்கலாம். தபால் தகராறுக்கு அங்கே இடமில்லை.

கேள்வி: காலைச் சந்தை ஒன்றில் ஒரு பாட்டி 5 பவுண்டுக்கு விற்ற டப்பாவை வாங்கினேன். அதில் ஒரு உருவம் மட்டுமே 60 பவுண்ட் போகும். மனசாட்சி உறுத்துகிறது. நான் செய்தது தவறா?

அவர் விலை எழுதி வைத்திருந்தார், நீங்கள் அந்த விலையைக் கொடுத்தீர்கள். அதில் தவறில்லை. "இதெல்லாம் எவ்வளவு பெறும்?" என்று அவர் உங்களிடம் கேட்டு, நீங்கள் தெரியாததுபோல் நின்றிருந்தால் தவறு. ஒருவர் உங்களை விஷயம் தெரிந்தவர் என்று நம்பி வீட்டுக்கு அழைத்துப் பெட்டியைத் திறந்து காட்டினால், அதன்பின் அடிமாட்டு விலை பேச உங்களுக்கு உரிமை கிடையாது. நான் இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். இந்த உருவங்களை விற்க வருகிறவர்களில் பலர் இழவு வீட்டுக்காரர்கள். அவர்களுக்குப் பொருளின் பெயர்கூடத் தெரியாது.

அப்படி அழைத்தால் நான் சொல்லும் வழி: "இவற்றை உங்களுக்காக விற்றுத் தருகிறேன், விற்ற பணத்தில் 20 சதவீதம் எனக்கு, ஒவ்வொரு விற்பனையின் விவரமும் உங்கள் கைக்கு வரும்" என்று எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஏதாவது ஒரு உருவம் பிடித்துவிட்டால், சந்தை விலையைக் காட்டி, அந்த விலைக்கே நீங்களும் வாங்குங்கள்.

உறுத்தல் தீரவில்லை என்றால் அடுத்த வாரமும் அந்தப் பாட்டி வருவார். போய்ச் சொல்லி ஒரு பங்கைக் கொடுங்கள். வீட்டில் இன்னும் பெட்டிகள் இருக்கவும் கூடும். அவற்றையாவது அவர் சரியான விலைக்கு விற்கட்டும்.

கேள்வி: இதற்கு வரி கட்ட வேண்டுமா?

பிரிட்டனில் உங்கள் சொந்தப் பழைய பொருள்களை விற்பதற்குப் பொதுவாக வருமான வரி இல்லை. விற்பதற்கென்றே வாங்கி விற்றால் அது வியாபாரம். ஆண்டுக்கு 1,000 பவுண்ட் வரையான வியாபார வரவுக்குத்தான் விலக்கு உண்டு. 2024 முதல் இணையச் சந்தைகள் ஆண்டில் 30 விற்பனையைத் தொட்டவர்களின் விவரத்தை வரித்துறைக்கு அனுப்புகின்றன. அப்படி அனுப்பினாலே வரி வந்துவிட்டது என்று பொருள் இல்லை. எது குடும்பத்தில் ஒருவர் விட்டுச் சென்றது, எது நீங்கள் வாங்கியது என்று குறித்து வைத்திருந்தால் போதும்.

கேள்வி: தபாலில் போகும்போது வாள்களும் ஈட்டிகளும் உடைந்துவிடுகின்றன.

ஒவ்வொரு உருவத்தையும் தனித்தனியாக மெல்லிய தாளிலும் அதன்மேல் குமிழி உறையிலும் சுற்றுங்கள். உலோக உருவங்கள் ஒன்றோடொன்று மோதித்தான் உடைகின்றன. உறைக் கவரில் அனுப்பாதீர்கள், கெட்டி அட்டைப் பெட்டி வேண்டும். குலுக்கினால் சத்தம் வரக் கூடாது. தடமறியும் தபாலில், பொருளின் விலைக்கு ஈடான காப்பீட்டோடு அனுப்புங்கள். அந்தச் செலவை முதலிலேயே விலையில் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பழைய பீடங்கள் அசிங்கமாக இருக்கின்றன. புதியதில் ஒட்டி விற்கலாமா?

மாற்றாதீர்கள். பட்டையில் உள்ள எழுத்தைப் பார்க்க வேண்டும் என்று வாங்குகிறவர் கேட்பார். புதிய பீடத்தில் பசை போட்டு ஒட்டிவிட்டால் காட்ட முடியாது. பீடம் ஏற்கெனவே கழன்றிருந்தால் அப்படியே பட்டையைப் படம் எடுத்து, பீடத்தை ஒரு சிறு பையில் போட்டுக் கூடவே அனுப்பிவிடுங்கள்.