நகர நடுவே வரும் கட்டடத்துக்குத் தளவரைபடம் போட எந்த அறையில் தொடங்குவது?

அறையில் தொடங்காதீர்கள். படிக்கட்டில் தொடங்குங்கள்.

நீங்கள் கட்டடக்கலை மாணவராகத்தான் இருப்பீர்கள். டிரேசிங் தாளில் ஏற்கெனவே நாலைந்து கட்டங்கள் போட்டு, 'கடை', 'படுக்கையறை' என்று எழுதியும் வைத்திருப்பீர்கள். இறுதியாண்டில் நானும் அதைத்தான் செய்தேன்.

எனக்குக் கிடைத்தது இரண்டு தெருக்கள் கூடும் முனை மனை. அடித்தளத்தில் கார்கள், தரையில் கடைகள், மேலே நான்கு மாடி வீடுகள். வீடுகளை மட்டும் மூன்று வாரம் இழைத்து இழைத்து வரைந்தேன். தேர்வன்று நடுவர் புகழவும் இல்லை, திட்டவும் இல்லை. முதல் மாடிக் கழிப்பறையின் மேல் பென்சில் முனையை வைத்து, "இதற்கு நேர் கீழே என்ன?" என்றார். தாளைத் தரைத்தளத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். புத்தகக் கடையின் நடுக்கூடம். கழிவுக்குழாய் எங்கே இறங்கும்? பென்சில் அடுத்து ஒரு தூணுக்கு நகர்ந்தது. அந்தத் தூண் அடித்தளத்தில் கார் போகும் பாதையின் நட்டநடுவே நின்றது.

படிக்கட்டுக்கு நான் விட்டிருந்தது 3 மீட்டர் நீளம். நீங்களே கணக்குப் போடுங்கள். மாடிக்கு மாடி 3 மீட்டர், படியின் உயரம் 150 மில்லிமீட்டர் என்றால் 20 ஏற்றம். நடுவில் திரும்பினால் பக்கத்துக்கு 10 ஏற்றம், 9 மிதி (கால் வைக்கும் தட்டு). மிதி 300 மில்லிமீட்டர் என்றால் 2.7 மீட்டர், இரு முனைகளிலும் 1.2 மீட்டர் மேடை சேர்த்தால் 5.1 மீட்டர். கடைத்தளத்தின் உயரம் 4.5 மீட்டர் என்றால் 30 ஏற்றம். அதையும் அதே படிக்கட்டுக் கூண்டுக்குள், பத்துப் பத்துப் படியாக மூன்று ஓட்டத்தில் ஏறிவிடலாம்; ஆனால் வந்து நிற்பது எதிர்முனையில்! மேலே உள்ள நடைவழி முழுவதும் புரண்டுவிடும். கார்களும் அப்படித்தான். ஒரு காருக்கு 2.5 மீட்டர் அகலம் என்றால் மூன்றுக்கு 7.5, தூணையும் சேர்த்தால் தூணுக்குத் தூண் ஏறக்குறைய 8 மீட்டர். வீட்டுச் சுவர்கள் அந்த இடைவெளிக்கு இணங்கித்தான் ஆக வேண்டும்.

அளவுகள் இடத்துக்கு இடம் விதிப்படி மாறும், அதற்காக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். இது பொறியாளர் வேலை, கற்பனையைக் கொன்றுவிடும் என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஃபிலடெல்ஃபியாவின் ரிச்சர்ட்ஸ் ஆய்வகத்தில் கட்டடக்கலைஞர் லூயி கான் படிக்கட்டுகளையும் காற்றுக் குழாய்களையும் தனித்தனிச் செங்கல் கோபுரங்களாக வெளியே நிறுத்தினார். அவருக்குக் கற்பனை இல்லை என்று சொல்லிப் பாருங்கள்.

தரைத்தளத்தை மட்டும் தனியாக வரையாதீர்கள். தெருவையும் எதிர்வரிசையையும் சேர்த்தே வரையுங்கள். 1748-இல் ஜாம்பட்டிஸ்டா நொல்லி வரைந்த ரோம் நகர வரைபடத்தில் தேவாலயங்களின் உட்புறம் தெருவைப் போலவே வெள்ளையாகத் திறந்திருக்கும். அதைப் பார்த்த பிறகுதான் என் கடைவரிசைக்கு நடுவே ஒரு நடைபாதை விடத் தோன்றியது. அதற்குள் மதிப்பெண் போட்டாகிவிட்டது.

அந்த ஆண்டு முதலிடம் வாங்கியவரின் பிளானில் லிஃப்ட் கதவுக்கு நேர் எதிரே ஒரு தூண் இருந்தது. பக்கத்தில் தொங்கிய முப்பரிமாணப் படத்தில் மாலை வெயிலும் பறவைகளும் அவ்வளவு அழகு. எந்த நடுவரின் பென்சிலும் அந்தத் தூண் பக்கம் போகவில்லை.