வீட்டுச் சமையல் வகுப்பை விளம்பரப்படுத்தப் புகைப்படக்காரர் வருகிறார், எப்படித் தயாராவது?

பாசிக்குடாப் பக்கம் வெளிநாட்டுக்காரருக்கு வீட்டில் சமையல் சொல்லிக் கொடுக்கிறீர்கள். முன்பதிவுத் தளத்தில் போட நல்ல படம் வேண்டும், தொழில்முறை ஆள் ஒருவரைப் பிடித்துவிட்டீர்கள். அதற்குள் குசினிக்கு வர்ணம் பூசலாமா, புதுச் சட்டி வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேண்டாம். நான் இப்படி உள்ளதை மறைத்து அலங்கரித்துப் படம் எடுத்து 25,000 ரூபாய் இழந்தவள்.

மட்டக்களப்பு வாவிக்கரையில் உள்ள கல்லடியில் நானும் இதையேதான் நடத்துகிறேன். நண்டுக்கறி, பிட்டு, முருங்கை இலைச் சுண்டல், ஒரு சம்பல். ஆறு பேருக்கு மேல் எடுப்பதில்லை. சமைக்கிற இடம் வீட்டுக்குப் பின்னால் தனியாக நிற்கிற ஓலைக் குசினி, 2004 சுனாமிக்குப் பிறகு அப்பா தன் கையால் கட்டியது. சுவரெல்லாம் புகை ஏறிக் கறுத்திருக்கும். முதல் தடவை படம் எடுக்க வந்தபோது அந்தக் குசினியைக் காட்ட எனக்கு வெட்கமாக இருந்தது. முன் அறையில் காஸ் அடுப்பை வைத்து, மச்சாளிடம் பளபளக்கிற சட்டிகளை இரவல் வாங்கி அடுக்கினேன். கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச் சேலையைக் கட்டினேன். வந்தவர் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கிறவர். "கொஞ்சம் தலையைச் சரிங்க அக்கா, சிரிங்க" என்று இரண்டு மணி நேரம் எடுத்தார். ஒரு படத்திலும் விருந்தாளி என்று ஒருவர் இல்லை.

படங்கள் கைக்கு வந்தபோது என் முகம் வெள்ளையாக இருந்தது. வெளிச்சத்தில் வந்த வெள்ளை இல்லை. கழுத்தும் கையும் வேறு நிறம், முகம் மட்டும் மா பூசினது போல. கேட்டதற்கு, "எல்லாருக்கும் அப்பிடித்தான் அக்கா செய்து குடுக்கிற, ஆரும் வேணாம் எண்டு சொன்னதில்ல" என்றார். எனக்கு மனம் கேட்கவில்லை, ஆனாலும் காசு கொடுத்தாயிற்றே என்று அதையே போட்டேன்.

முதல் பதிவில் வந்தது ஒரு ஜெர்மன் தம்பதி. படலையைத் திறந்து நான்தான் போய் நின்றேன். அந்தப் பெண் கைப்பேசியில் இருந்த படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் படத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, இந்த அம்மா வீட்டில் இருக்கிறாவா என்று கேட்டாள். நான்தான் அது என்று சொல்ல எனக்கு நேரம் எடுத்தது. அவர்கள் நல்ல மனிதர்கள், மன்னிப்பும் கேட்டார்கள். ஆனால் அன்றைக்குச் சமையல் முடியும்வரை எனக்குக் கை ஓடவில்லை. என் வீட்டு வாசலில், என் நிறத்தை நானே ஒளித்துவிட்டு நிற்பதுபோல இருந்தது. அன்றிரவே எல்லாப் படத்தையும் அழித்தேன்.

அழகாகத் தெரிவதில் என்ன தப்பு என்று யாராவது கீழே எழுதுவீர்கள். தப்பில்லை. தலை வாருங்கள், நல்ல உடுப்பு உடுத்துங்கள். புகைப்படக்காரர்கள் எல்லாரையும் நான் குறை சொல்லவும் இல்லை. கல்யாணப் படம் வேறு, இது வேறு. நம் படத்தைப் பார்த்துத்தான் ஒருவர் காசு கட்டிவிட்டு இவ்வளவு தூரம் வருகிறார். படத்தில் கண்ட ஆளும் இடமும் அவருக்குக் கிடைக்க வேண்டும். ஆகவே முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: முக நிறத்தில் கை வைக்க வேண்டாம். என்னைப் போல வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காதீர்கள்.

இரண்டாம் தடவை பின்குசினியிலேயே எடுத்தோம். கிழக்கு வாசல் என்பதால் காலை ஆறரைக்கே வரச் சொன்னேன். ஒன்பது மணிவரை வெளிச்சம் சாய்வாக, மெதுவாக உள்ளே வரும். உச்சி வெயிலில் கண்ணுக்குக் கீழே கறுப்பு விழும். மின்விளக்குகள் எல்லாவற்றையும் அணைத்தோம். பகல் வெளிச்சமும் குழல்விளக்கும் கலந்தால் கறியின் நிறமே மாறிவிடுகிறது. நான் வெட்கப்பட்ட அந்தக் கறுத்த சுவர்தான் கைகொடுத்தது. வெளிச்சம் பின்பக்கமிருந்து வர, கறுப்புக்கு முன்னால் ஆவி எழும்பியது அப்படியே தெரிந்தது. வெள்ளைச் சுவரில் அது தெரிந்திருக்காது. மருதமுனைக் கைத்தறிச் சேலை ஒன்றை, ஒரே நிறத்தில், கட்டினேன். நெருக்கமான மெல்லிய கோடு போட்ட துணி கமராவில் அலை அலையாக ஆடும், அதைத் தவிருங்கள்.

சமையலை இரண்டு பங்காகத் தயார் செய்யுங்கள். தேங்காய்ப்பால் கறி இறக்கிச் சற்று நேரத்திலேயே மேலே ஆடை கட்டி மங்கிவிடும். முருங்கை இலை அதைவிட மோசம், கொதியில் விழுந்து கொஞ்ச நேரத்திலேயே பச்சை மங்கிவிடும். ஒரு பிடி இலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கமராக்காரர் தலையாட்டியதும் தூவினேன். சிவந்த குழம்பில் அந்த இலை விழுகிற படம்தான் இப்போது முன்பதிவுத் தளத்தில் இரண்டாவதாக இருக்கிறது. முதலாவது, அம்மா திருவலையில் குந்தித் தேங்காய் துருவ, பக்கத்தில் ஒரு விருந்தாளி தானும் துருவப் பழகுகிற படம். கட்டாயம் ஆட்களை வைத்து எடுங்கள். விருந்தாளி கிடைக்காவிட்டால் தெரிந்தவர்களைக் கூப்பிட்டு உண்மையாகவே சமைத்துச் சாப்பிட வையுங்கள். யாராக இருந்தாலும் படத்தைப் போடச் சம்மதமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

நாள் குறிக்கும்போது மார்கழி மழையைப் பாருங்கள், கச்சான் காற்று வீசுகிற காலத்தையும் பாருங்கள், சாம்பல் பறந்து சட்டிக்குள் விழும். நண்டு சமைப்பதாக இருந்தால் நிலவையும் பாருங்கள். நான் பறுவத்தை, அதாவது முழுநிலவை, ஒட்டி நாள் வைத்தபோது, "நிலவு நண்டு மகள், உள்ளுக்க ஒண்டும் இரிக்காது" என்று அம்மா தடுத்தா. ஒரு கிழமை தள்ளி வைத்தேன்.

நண்டு என்றதும் இதையும் சொல்லாமல் விட முடியவில்லை. படத்துக்கென்று நல்ல வாவி நண்டு நாலு தேடி மூன்று நாள் அலைந்தேன். பெரியது எல்லாம் விடியமுன்னே கட்டிப் பெட்டியில் ஏறிவிடுகிறது, கொழும்புக்கு, அங்கிருந்து சிங்கப்பூருக்கு. சந்தையில் எங்களுக்கு மிஞ்சுவது கால் ஒடிந்ததும் சிறியதும். பிடிக்கிறவருக்கு நல்ல விலை கிடைக்கட்டும், அதில் எனக்குக் கோபமில்லை. ஆனால் வாவிக்கரையில் பிறந்த பிள்ளை நல்ல நண்டைப் பார்க்க எங்கள் வீட்டு வகுப்புக்கு வரவேண்டியிருக்கிறது. பக்கத்து வீட்டுச் சின்னவன் அன்றைக்கு அந்த நண்டின் கொடுக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

சரி, கடைசியாகக் காசு விஷயம். எத்தனை படம், திருத்தாத மூலப்படங்களும் சேர்த்துத் தருவாரா, நீங்கள் எங்கெல்லாம் போடலாம், அவர் தன் விளம்பரத்துக்குப் பாவிப்பாரா, எல்லாவற்றையும் முற்பணம் கொடுக்குமுன் எழுத்தில் பேசுங்கள். மூலப்படம் கேட்காததால்தான் முதல் தடவை எடுத்ததில் என் முகம் உள்ள ஒரு படமும் இன்றைக்கு என்னிடம் இல்லை. படத்தின் மேல் எழுத்து, பூச்சட்டகம் போட விடாதீர்கள். நிமிர்ந்த வாக்கிலும் சில எடுக்கச் சொல்லுங்கள், அநேகம் பேர் கைப்பேசியில்தான் பார்க்கிறார்கள்.