நாடி கிடைக்காத கை: டாக்டர் எங்கெல்லாம் தொட்டுப் பார்ப்பார்?

கேள்வி: என் அக்காவுக்கு 31 வயது. ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றுகிறார். தட்டை மடியில் வைத்துக் கொஞ்ச நேரம் சுற்றினாலே இடது கை கடுத்து ஓய்ந்துவிடுகிறது. அந்தக் கையில் நாடி கிடைக்கவில்லை, ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம் என்று பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நேராக ஸ்கேன் எடுத்தால் போதாதா?

பதில்: ஸ்கேன் தேவைப்படும்தான். ஆனால் எந்த இடத்தை எடுப்பது, எவ்வளவு அவசரம் என்பதெல்லாம் உடம்பைத் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். வேலை செய்தால் கடுப்பு, கைக்கு ஓய்வு கொடுத்தால் சரியாவது என்றால், தசைக்கு ரத்தம் போதவில்லை என்று சந்தேகிப்போம். இளம்பெண்களிடம் தகயாசு என்ற பெருங்குழாய் அழற்சி (பெரிய ரத்தக்குழாய்களின் சுவர் வீங்கிக் குறுகும் நோய்) முதலில் நினைவுக்கு வரும்.

மணிக்கட்டு, முழங்கை, தொடை இடுக்கு, பாதம் என இரு பக்க நாடியையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். கழுத்தில் மட்டும் ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கம். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் மயக்கம் வரலாம்.

அப்புறம் பிரஷர். இரண்டு கை, இரண்டு கால், நான்கிலும் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் நீங்களே கேளுங்கள். கைகளுக்கிடையே மேல் அளவில் 10க்கு மேல் வித்தியாசம் இருந்தால் கவனிக்க வேண்டும். அடைபட்ட கையில் அளவு குறைவாகத்தான் காட்டும். சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயும் சுருங்கியிருந்தால் உண்மையான பிரஷர் எகிறியிருக்கும், அந்தக் கையில் அது தெரியவே தெரியாது. இடது கையில் எடுத்து 'லோ பிரஷர்' என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பிவிடாதீர்கள். எதில் அதிகமோ அதுதான் கணக்கு.

ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்திலும், காறை எலும்புக்கு மேலும், தொப்புளின் இருபுறமும் வைப்பார்கள். குறுகிய குழாயில் ரத்தம் பாயும்போது 'உஸ்' என்ற இரைச்சல் கேட்கும். கண்ணின் உள்பக்கமும் பார்ப்பார்கள். 1908இல் இந்த நோயைக் கண்ணில் தெரிந்த மாற்றங்களை வைத்து எடுத்துச்சொன்ன தகயாசு ஒரு ஜப்பானியக் கண் மருத்துவர்தான்.

காலில் சிவப்புப் புள்ளிகள் தடித்து, அழுத்தினாலும் மறையாமல் இருந்தால் அது சிறு குழாய்களின் அழற்சியாக இருக்கலாம். அதற்காகத் தோலையும் சிறுநீரையும் பார்ப்பார்கள்.

தளர்வான கைவைத்த உடையில் அழைத்துப் போங்கள். பழைய பிரஷர் சீட்டு, மாத்திரை எல்லாம் கையில் இருக்கட்டும். திடீரென்று பார்வை மங்கினால், பேச்சு குழறினால், ஒரு பக்கம் கைகால் விழுந்தால், கடுமையான நெஞ்சுவலி வந்தால், தேதிக்குக் காத்திருக்காமல் உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.