வாசகர் கேள்விகள்: வடகோடிக் காட்டின் பைசன்களும் கொக்குகளும்

சென்ற இதழில் கனடாவின் வுட் பஃபலோ தேசியப் பூங்காவுக்குப் போய்வந்ததை எழுதியிருந்தேன். பனிப் பிரதேசத்து ஊசியிலைக் காடு அது. ‘டைகா’ என்பார்கள். பரப்பு சுமார் 44,700 சதுர கிலோமீட்டர், கேரளாவை விடப் பெரிது. நிறையக் கடிதங்கள் வந்தன. எனக்கு உறுதியாகத் தெரிந்தவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் பொழுது சாய்ந்தால் ரோட்டிலேயே ‘பைசன்’ வந்து நிற்கும். அதுவும் நீங்கள் எழுதிய பைசனும் ஒன்றுதானா?
– வாசகி, கொடைக்கானல்

ஒன்றில்லை அம்மா. உங்கள் ஊரில் நிற்பது காட்டுமாடு. அந்தக் காலத்து ஆங்கிலேய வேட்டைக்காரர்கள் அதை ‘இந்தியன் பைசன்’ என்றார்கள். அந்தப் பேர் அப்படியே ஒட்டிக்கொண்டது. காட்டுமாட்டுக்கு எண்ணெய் தேய்த்ததுபோலக் குட்டை ரோமம், கால்களில் வெள்ளை. கனடா பைசனுக்கோ தாடி, தோளை மூடும் சடை, தலைக்கு மேலே எழும்பிய திமில்.

நான் போனது செப்டம்பர் மாதம். பூங்காவை ஒட்டிய ஃபோர்ட் ஸ்மித் என்கிற ஊருக்குப் போகிற மண்ரோட்டின் ஓரம் ஒரு காளை, குழியில் விழுந்து புரண்டுகொண்டிருந்தது. வண்டியை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்து பார்த்தோம். எழுந்து ஒரு உதறு உதறியதில் புழுதி எங்கள் கண்ணாடிவரை வந்தது. வளர்ந்த காளை 900 கிலோ இருக்கும். அந்தத் திமில் முழுக்கத் தசை. குளிர்காலத்தில் தலையை இடமும் வலமும் வீசிப் பனியை ஒதுக்கி, அடியில் இருக்கும் காய்ந்த கோரையை மேய்கிறது. அத்தனை கனமான தலையை நாள் முழுக்க வீசுவதற்குத்தான் அந்தத் தசை.

மைனஸ் 40 டிகிரியில் தவளை எப்படிப் பிழைக்கும்?
– பத்தாம் வகுப்பு மாணவர், ஈரோடு

நல்ல கேள்வி தம்பி. அங்கே இருக்கும் காட்டுத் தவளை ஆழமாகக் குழி தோண்டுவதில்லை, இலைச் சருகுக்கு அடியிலேயே படுத்துவிடும். மேலே விழும் பனியே அதற்குக் கம்பளி. அதனால் வெளியே மைனஸ் 40 இருந்தாலும் தரையில் அந்த அளவுக் குளிர் இருக்காது. ஆனாலும் தவளை உறைந்துபோகும். உடம்பு நீரில் பாதிக்கு மேல் பனிக்கட்டியாகிவிடும். இதயம் நின்றுவிடும், மூச்சும் இருக்காது. உறையத் தொடங்கும்போதே கல்லீரல் சர்க்கரையை ரத்தத்தில் கொட்டுவதால், செல்களுக்கு உள்ளே மட்டும் பனி பிடிக்காது. வசந்தத்தில் இளகியதும் முதலில் இதயம் துடிக்க ஆரம்பிக்கும். முப்பது வருடம் விலங்கியல் நடத்தியவன் நான், இன்றைக்கும் இதைச் சொல்லும்போது எனக்குச் சிலிர்க்கிறது.

காட்டுத்தீயைச் சில இடங்களில் அணைக்காமல் விடுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அநியாயம் இல்லையா?
– வாசகர், கோவை

ஊருக்கு ஆபத்து வந்தால் அணைக்கத்தான் செய்கிறார்கள். 2023 ஆகஸ்டில் ஃபோர்ட் ஸ்மித் ஊரையே காலிசெய்ய வேண்டி வந்தது. ஆனால் ஆளில்லாத இடத்தில் மின்னல் மூட்டும் தீ அந்தக் காட்டுக்கு வேண்டும். மரத்திலேயே இருந்த ஒரு ஜாக் பைன் கூம்பை விரலால் அழுத்திப் பார்த்தேன். கூழாங்கல் மாதிரி இருந்தது. பிசின் அதன் செதில்களை ஒட்டிவைத்திருக்கிறது. தீயின் சூட்டில் பிசின் உருகினால்தான் செதில் பிரிந்து, சாம்பலில் விதை விழும்.

1922-லேயே தேசியப் பூங்கா ஆக்கிவிட்டார்களே, இனி அதற்கு என்ன கவலை?
– வாசகர், மன்னார்குடி

கவலை இருக்கிறது ஐயா, அதுவும் உங்கள் ஊர்க்காரர்களுக்கு உடனே புரிகிற கவலை.

முதல் தவறு உள்ளேயே நடந்தது. 1925 முதல் 1928 வரை தெற்கிலிருந்து 6,600-க்கும் மேற்பட்ட சமவெளி பைசன்களைக் கொண்டுவந்து விட்டார்கள். கூடவே காசநோயும், கருச்சிதைவை உண்டாக்கும் புரூசெல்லோசிஸ் நோயும் வந்தன. நூறு வருடம் ஆகப்போகிறது, இன்னும் மந்தையை விட்டுப் போகவில்லை.

அடுத்தது தண்ணீர். பூங்காவின் தென்கிழக்கில் பீஸ் ஆறும் அதபாஸ்கா ஆறும் சேர்ந்து ஒரு பெரிய டெல்டா. உலகின் மிகப் பெரிய உள்நாட்டு டெல்டாக்களில் ஒன்று. அங்கே ஆற்றோடு வாய்க்கால் தொடர்பே இல்லாத மேட்டு ஏரிகள் பல உண்டு. வசந்தத்தில் ஆற்றின் பனிக்கட்டி உடைந்து, பாளம் பாளமாக வந்து ஓரிடத்தில் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் எதிர்த்து ஏறிக் கரை வழியும். அந்த வெள்ளம்தான் மேட்டு ஏரிகளை நிரப்பும். 1968-ல் பீஸ் ஆற்றின் மேல்பகுதியில் பென்னெட் அணை வந்தது. மின்சாரத்துக்காகக் கோடையில் தேக்கி, குளிர்காலத்தில் திறக்கிறார்கள். கீழே பழைய மாதிரி வெள்ளம் ஏறுவது அரிதாகிவிட்டது. ஏரி வற்றினால் கோரை நின்ற இடத்தில் வில்லோ புதர் மண்டும், மஸ்க்ராட் என்கிற நீர் எலி குறையும், பைசனுக்கு மேய்ச்சல் சுருங்கும், பைசனை நம்பியிருக்கும் ஓநாய்க்கும் அதுதான் கதி. அதபாஸ்கா பக்கமோ, எண்ணெய் ஊறிய மணலைத் தோண்டி எடுக்கும் எண்ணெய் மணல் சுரங்கங்கள்.

டெல்டாவில் தலைமுறை தலைமுறையாக வாழும் மிகிசூ க்ரீ மக்கள் 2014-ல் நேராக யுனெஸ்கோவிடம் முறையிட்டார்கள். பூங்காவுக்கு 1983 முதல் உலகப் பாரம்பரியத் தகுதி உண்டு. ஆய்வுக்குழு வந்து பார்த்தது. 2019-ல் கனடா அரசு செயல்திட்டம் வெளியிட்டது. மேலே திறந்தால்தான் கீழே தண்ணீர். பூங்கா எல்லையில் பலகை நட்டு ஆற்றைக் காப்பாற்ற முடியாது என்பதை அந்த மக்கள்தான் உலகத்துக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னார்கள். அவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

வெள்ளைக் கொக்குகளைப் பார்த்தீர்களா?
– வாசகி, காரைக்குடி

இல்லை. வூப்பிங் கிரேன் என்கிற அந்தக் கொக்குகள் கூடு கட்டும் பகுதிக்குள் யாரையும் விடுவதில்லை, அதுதான் சரி. ஆள் உயரத்துக்குச் சற்றே குறைந்த அந்தப் பறவை 1941-ல் இருபது சொச்சம்தான் மிஞ்சியிருந்தது. கூடு எங்கே என்றே தெரியவில்லை. 1954-ல் காட்டுத்தீயைப் பார்த்துவிட்டு ஹெலிகாப்டரில் திரும்பியவர்கள் கண்ணில் தற்செயலாகப் பட்டன. இன்று இந்தக் கூட்டத்தில் மட்டும் 500-க்கு மேல் இருக்கின்றன.

கூடு ஆழமில்லாத குட்டைக்குள் இருக்கும். குட்டை வற்றினால் ஓநாயும் நரியும் நடந்தே வந்துவிடும். இரண்டு முட்டை இடும், பெரும்பாலும் ஒரு குஞ்சுதான் பிழைக்கும். அந்த ஒன்றை அழைத்துக்கொண்டு தாயும் தகப்பனும் 4,000 கிலோமீட்டர் பறந்து டெக்சாஸ் கடற்கரைக்குப் போகின்றன. அங்கே போயும் சில மாதங்களுக்கு நண்டு பிடித்துக் குஞ்சுக்குக் கொடுக்கின்றன.